டிசம்பர் மாதத்துப் பொது அடுப்பு

டிசம்பர் இருபத்தைந்துக்கு முந்திய சனிக்கிழமை. டில்லியில் பனி மூட்டம் கலைய முற்பகல் பதினொரு மணியாகிவிடும் காலம். நாம் குடியிருக்கும் அரசுக் குடியிருப்புக்குப் பின்புறத்தில், விறகு எரியும் பழைய ரொட்டிக் கடை ஒன்று உண்டு. மற்ற நாட்களில் அங்கே கூட்டம் இராது. அன்று மட்டும் கடை வாசலில் இருபது முப்பது பேர் வரிசையில் நிற்பர். ஒருவர் கையில் துணியால் மூடிய தகர அச்சுகள். இன்னொருவர் கையில் மைதா, வெண்ணெய், முட்டை, சர்க்கரை எல்லாம் தனித்தனியே கட்டிய பை. வேறொருவருக்கு அவற்றோடு ஒரு குழந்தையும் உண்டு. மாலையில் ஒரு வீட்டில் ஞானஸ்நான விருந்து. மறுநாள் ஞாயிறு காலையில் ஆராதனை. அன்று பிற்பகல் மற்றொரு வீட்டில் பெண் பார்க்கும் நிகழ்ச்சி. திங்களன்று ஊருக்குப் புறப்படும் ரயில். இத்தனைக்கும் இடையில் கேக் வெந்தாக வேண்டும்.

இக்காட்சியைப் பல ஆண்டுகளாகக் கண்டு வரும் நமக்கு ஓர் ஐயம் உண்டு. கேக் நம் நாட்டுப் பண்டமன்று. அதற்கு வேண்டும் மூடிய அடுப்பும் நம் வீடுகளில் இருந்ததன்று. அவ்வாறிருக்க, கோவா முதல் கல்கத்தா வரையிலும், தலச்சேரி முதல் அலகாபாத் வரையிலும், ஆண்டின் இக்கடைசி வாரங்களில் இத்தனை வீடுகள் இவ்வேலையில் ஈடுபடுவது எவ்வாறு வந்தது? இவ்வினாவுக்கு விடை தேடப் புகுந்தால், நம்மைப் போல் ஊர்விட்டு ஊர் வந்து வாழ்பவர்களின் வரலாறே அவ்விடையில் பெரும்பகுதியாக இருப்பதைக் காண்கிறோம்.

மொழிபெயர்ப்பே நம் தொழிலாதலால் சொல்லிலிருந்து தொடங்குவோம். நாற்புறமும் மூடிய வெப்ப அறைக்குள் வைத்து மாவைப் பக்குவப்படுத்தும் செயலுக்குத் தமிழில் தனிச் சொல் இல்லை. 'சுடுதல்' என்கிறோம்; அப்பத்தையும் சுடுகிறோம், செங்கல்லையும் சுடுகிறோம், வடையையும் சுடுகிறோம். சமையலறைக்குப் பழந்தமிழில் 'அட்டில்' என்று பெயர். சமைத்தலைக் குறிக்கும் 'அடுதல்' என்ற சொல்லையொட்டி இக்காலத்தார் 'அடுமனை' என்று ஒரு பெயர் ஆக்கிக் கடைப் பலகைகளில் எழுதுகின்றனர். இலங்கைத் தமிழர் 'வெதுப்பகம்' என்பர். இவ்விரண்டும் அண்மையில் ஆக்கிக்கொண்ட பெயர்களே. பொருள் இல்லாத இடத்தில் சொல்லும் இராது. நம் சமையல், திறந்த அடுப்பின் மேல் பாத்திரம் ஏற்றும் சமையல். ஆவியில் அவிப்போம், எண்ணெயில் பொரிப்போம், கல்லில் வார்ப்போம், கிளறிக் கிண்டி இறக்குவோம். வடநாட்டில் தந்தூர் இருந்தது. பஞ்சாபின் சிற்றூர்களில் பல வீட்டுப் பெண்கள் ஒன்றுகூடி ரொட்டி சுடும் பொதுத் தந்தூருக்கு 'சாஞ்ஜா சூல்ஹா' என்று பெயர். எனினும், புளித்த மாவை நீள்செவ்வக ரொட்டியாகவும் கேக்காகவும் வேகவைக்கும் அடுப்பு இந்நாட்டின் பெரும்பகுதிக்குக் கடல் வழியாகவே வந்தது.

போர்ச்சுக்கீசியர் 1498-ஆம் ஆண்டு கோழிக்கோட்டில் வந்திறங்கினர். 1510-இல் கோவாவைக் கைப்பற்றினர். வந்தவர்களுக்குச் சோறு இருந்தது, மீன் இருந்தது, மிளகு இருந்தது. தம் ஊர் ரொட்டி இல்லை. ரொட்டிக்கு வேண்டிய புளிப்பு நுரைக்கு வழியில்லாத இடத்தில், தென்னங்கள்ளை ஊற்றி மாவைப் புளிக்கவைத்தனர். கோவாவின் ரொட்டிக்காரர்களுடைய தொழில் இவ்வாறு கள்ளும் கோதுமையும் கூடிய இடத்தில் பிறந்தது. அவர்களுடைய சொற்கள் நம் மொழியிலும் வந்து தங்கின. போர்ச்சுக்கீசியரின் 'பாவ்' என்ற சொல்லே இலங்கைத் தமிழரின் 'பாண்'. அவர்களுடைய 'பிஸ்கோய்த்து' நம் பாட்டிமார் வாயில் 'பிஸ்கோத்து' ஆயிற்று. அடுப்பைக் குறித்த 'போர்னோ' என்ற சொல் இலங்கையில் 'போறணை' ஆயிற்று. மலையாள நாட்டு ரொட்டிக் கடைகளில் அடுப்பைப் 'போர்மா' என்று இன்றும் அழைப்பர். மேசை, ஜன்னல், சாவி, அலமாரி என்னும் சொற்களும் இக்கூட்டத்தோடு வந்தவையே. ஆனால் மேசையும் அலமாரியும் வீட்டுக்குள் நுழைந்தன. அடுப்போ தெருமுனையிலேயே நின்றுவிட்டது. பொருட்செலவும் விறகுச் செலவும் மிகுந்த அவ்வடுப்பை ஒவ்வொரு வீட்டிலும் கட்டுதல் இயலாததாயிற்று. இவ்வொரு செய்தியே பின்வந்த வரலாற்றை முடிவு செய்தது எனலாம்.

அடுப்பு வெளியே நின்றதனால், வீட்டுக்குள் இருந்தவர்கள் தம் கையிலிருந்த பாத்திரங்களைக் கொண்டே பண்டிகை செய்யலாயினர். கோவாவின் 'பெபிங்கா' இதற்குச் சான்று. தேங்காய்ப் பால், முட்டையின் மஞ்சட்கரு, சர்க்கரை, மாவு, நெய் ஆகியவற்றைக் கரைத்து, ஓர் அடுக்கு ஊற்றி, மூடியின் மேல் தணலிட்டு, அது சிவந்த பின்னர் அடுத்த அடுக்கை ஊற்ற வேண்டும். ஏழு அடுக்கு, சில வீடுகளில் பதினாறு அடுக்கு. ஒருவர் தணலைக் கவனிக்க, ஒருவர் மாவு ஊற்ற, ஒருவர் நெய் தடவ, பல மணி நேரம் நடைபெறும் பணி இது. 2023-ஆம் ஆண்டு இப்பண்டம் கோவாவுக்குரிய புவிசார் குறியீடு பெற்றது. மூடிய அடுப்பு இல்லாத குறையை மூடியின் மேல் இட்ட தணல் தீர்த்தது. கோதுமை நாட்டாரின் இனிப்பு தேங்காய் நாட்டின் இனிப்பாக மாறியது.

கோவாவிலும் மங்களூரிலும் கிறிஸ்து பிறப்பு நாளையொட்டிப் பலவகைப் பண்டங்களைத் தட்டில் நிரப்பி அண்டை வீடுகளுக்கு அனுப்பும் வழக்கம் உண்டு. கோவாவில் 'கோன்சுவாத்' என்றும், மங்களூரில் 'குஸ்வார்' என்றும் அதனைக் கூறுவர். அத்தட்டை நம்மவர் ஒருவர் முன் வைத்தால், பாதிப் பண்டங்களை அவர் தம் ஊர்ப் பெயர் சொல்லியே அழைப்பார். தேங்காய்ப் பூரணம் வைத்துப் பொரித்த 'நெவ்ரி' நம் சோமாசி. இரும்பு அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பொரிக்கும் ரோஜாப் பூ வடிவப் பண்டம் மலையாளிகளுக்கு அச்சப்பம். நமக்கு அச்சு முறுக்கு. அரிசி மாவு, தேங்காய்ப் பால், பனைவெல்லம் ஆகியவற்றைக் கைவலிக்கக் கிண்டி எடுக்கும் 'தோதோல்', இராமநாதபுரத்துக் கீழக்கரையில் முஸ்லிம்களின் வீட்டுப் பண்டமாகிய தொதல். அதுவே மலேயாவிலும் ஜாவாவிலும் நோன்புப் பெருநாள் இனிப்பு. சீப்பின் பல்லிலோ முள்கரண்டியிலோ மாவை அழுத்திச் சுருட்டி எடுக்கும் 'குல்குல்' ஒன்றுதான் நமக்குச் சற்றே புதிது. அதனைச் சுருட்டும் வேலை எங்கும் சிறுவர்க்கே உரியது. இப்பண்டங்களில் எது எந்த மதத்தாருடையது, எது எந்த நாட்டினருடையது என்று பிரிக்கப் புகுவோர் தோல்வியே காண்பர்.

இனி ஆங்கிலேயரின் கேக்கைப் பார்ப்போம். 'பிளம் கேக்' என்ற பெயரில் உள்ள பிளம், அப்பெயருடைய பழத்தை முதன்மையாகக் குறிப்பதன்று. பழைய ஆங்கில வழக்கில் உலர்ந்த திராட்சை முதலியவற்றுக்கெல்லாம் அது பொதுப்பெயர். கிறிஸ்து பிறப்பு நாளுக்குப் பன்னிரண்டு நாட்களுக்குப் பின்னர், ஜனவரி ஆறாம் நாளையொட்டி உண்ணப்பட்டு வந்த கேக்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் டிசம்பர் இருபத்தைந்துக்கு இடம் பெயர்ந்தது. அதன் சகோதரப் பண்டமான புட்டிங்கைக் கிண்டுவதற்கென்று ஒரு ஞாயிற்றுக்கிழமையே அவர்களுக்கு உண்டு. கிறிஸ்து வருகைக் காலம் தொடங்குவதற்கு முந்திய ஞாயிறு அது; அன்றைய வழிபாட்டு மன்றாட்டின் தொடக்கச் சொல்லே கிளறுதலைக் குறித்தமையால், கோயிலில் அதனைக் கேட்டுத் திரும்பியவர்கள் வீட்டில் மாவைக் கிளறலாயினர் என்பர். வீட்டிலுள்ள ஒவ்வொருவரும் ஒரு முறையேனும் கரண்டியைப் பிடித்துக் கிண்டி, மனத்துக்குள் ஒன்றை வேண்டிக்கொள்ளுதல் மரபு.

இப்பண்டத்துக்குள் பேரரசு முழுவதும் அடங்கியிருந்தது என்பதும் கருதத்தக்கது. 1927-ஆம் ஆண்டு, பேரரசுச் சந்தை வாரியம் என்ற அமைப்பு, குடியேற்ற நாடுகளின் சரக்குகளைக் கொண்டே செய்யும் 'பேரரசுக் கிறிஸ்துமஸ் புட்டிங்' ஒன்றின் செய்முறையை வெளியிட்டது. ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் சமையற்காரரே அதனை அளித்தார். உலர்ந்த திராட்சையும் சர்க்கரையும் சாராயமும் வாசனைப் பொருள்களும் ஒவ்வொரு நாட்டின் பெயரால் குறிக்கப்பட்டிருந்தன. நம் நாட்டின் பங்கு வாசனைப் பொருள். இலண்டனில் உட்கார்ந்து உலகத்தை ஒரு பாத்திரத்தில் கூட்டிய கணக்கு அது. ஆனால் அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்னரே, மலையாளக் கரையில் ஒருவர் அக்கணக்கை மறுதலையாகப் போட்டுப் பார்த்துவிட்டார்.

அவர் தலச்சேரியைச் சேர்ந்த மாம்பள்ளி பாபு. பர்மாவுக்குச் சென்று பிஸ்கோத்துத் தொழில் கற்று, ஊர் திரும்பி, 1880-ஆம் ஆண்டு தலச்சேரியில் ஒரு பிஸ்கோத்துத் தொழிற்சாலையை நிறுவினார். 1883-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் அஞ்சரக்கண்டி இலவங்கப்பட்டைத் தோட்டத்தின் பிரவுன் துரை, இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு கேக்கைக் கொண்டுவந்து, இதனைப் போல் ஒன்று செய்து தர இயலுமா என்று அவரிடம் கேட்டார் என்பது அக்குடும்பத்தார் வழிவழியாகக் கூறிவரும் செய்தி. கோக்கோவையும் உலர்ந்த பழங்களையும் துரை கொடுத்தார். மாஹேயிலிருந்து பிரெஞ்சுப் பிராந்தி வாங்கிச் சேர்க்குமாறும் கூறினார். மாஹே அந்நாளில் பிரெஞ்சுக்காரர் வசமிருந்தது; தலச்சேரிக்கு மிக அருகில் உள்ளது. பாபு பிராந்தியை நாடவில்லை. முந்திரிப் பழமும் கதலி வாழைப்பழமும் கொண்டு உள்ளூரில் வடித்த சாராயத்தைச் சேர்த்தார். அச்சுக்குத் தர்மடத்துக் கொல்லரிடம் சென்றார். கேக்கைச் சுவைத்த துரை மகிழ்ந்து, மேலும் ஒரு டஜன் செய்யச் சொன்னார் என்பர். கிரிக்கெட்டுக்கும் சர்க்கஸுக்கும் பெயர் பெற்ற தலச்சேரிக்குக் கேக்கும் மூன்றாவது புகழாயிற்று.

இக்கதையில் நாம் கவனிக்க வேண்டுவது கேக்கின் பெருமையன்று. முந்திரி மரம் போர்ச்சுக்கீசியரால் பிரேசிலிலிருந்து கொண்டுவரப்பட்டது. தொழில் பர்மாவில் கற்றது. மாதிரி இங்கிலாந்தினுடையது. அச்சு உள்ளூர்க் கொல்லர் அடித்தது. இவற்றையெல்லாம் ஓர் அடுப்பில் கூட்டியவர், பிழைப்புக்காகக் கடல் கடந்து சென்று, கற்றதோடு திரும்பியவர். வேறிடத்தில் உள்ளதைத் தன் ஊரில் உள்ளதைக் கொண்டு செய்து பார்க்கும் துணிவு, பல ஊர் கண்டவர்க்கே எளிதில் கைகூடும்.

அத்துணிவு எல்லோர்க்கும் உவப்பாக இருந்ததென்று கூற முடியாது. ரொட்டியும் பிஸ்கோத்தும் யார் கையால் செய்யப்பட்டவை, கள் சேர்ந்ததா, முட்டை சேர்ந்ததா என்ற கேள்விகள் அந்நாளில் மிகக் கூர்மையானவை. ஒருவர் கைபட்ட உணவை மற்றொருவர் உண்ணலாகாது என்ற கட்டு வலுவாக இருந்தது. டில்லியில் 1898-ஆம் ஆண்டு 'ஹிந்து பிஸ்கட் கம்பெனி' என்ற நிறுவனம் தோன்றியது. உயர்ந்த சாதியினர் என்று அந்நாளில் கருதப்பட்டவர்களையே வேலைக்கு அமர்த்துவதை அது தன் சிறப்பாகக் காட்டிக்கொண்டது. பிஸ்கோத்தின் சுவையை ஏற்றவர்களுக்கும் அதனைச் செய்த கையை ஏற்க மனமில்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. பொது அடுப்பு என்பது, ஆகவே, வெறும் வசதி பற்றிய பேச்சன்று. ஒரே சூட்டில் பலர் வீட்டு உணவு வேகலாமா என்னும் பெரிய வினாவுக்கு, சட்டமோ சொற்பொழிவோ இல்லாமல், தெருமுனையில் நாள்தோறும் கொடுக்கப்பட்ட விடை அது.

கல்கத்தாவில் அவ்விடை இன்னும் விரிவாகக் கிடைத்தது. பாக்தாதிலிருந்து வந்து குடியேறிய யூதர்களில் ஒருவரான நாஹூம் இஸ்ரேல் மோர்தகாய் 1902-இல் வீடு வீடாகச் சென்று கேக்கும் பண்டங்களும் விற்கத் தொடங்கினார். பின்னர் 1916-இல் புதுச் சந்தையில் அவர் கடை நிலைபெற்றது. 1874-ஆம் ஆண்டின் முதல் நாளன்று திறக்கப்பட்ட சந்தை அது. கிறிஸ்து பிறப்பு நாளை வங்காளியர் 'பொடோதின்', அதாவது பெரிய நாள், என்பர். இந்தியிலும் 'படா தின்' என்ற வழக்கு உண்டு. அப்பெரிய நாளுக்காக வங்காள இந்துக் குடும்பங்கள் யூதர் கடை வாசலில் காத்து நிற்பதும், உள்ளே முஸ்லிம் தொழிலாளர் அடுப்பைக் கவனிப்பதும் அந்நகரத்தார்க்குப் பழகிப்போன காட்சி. நாம் வாழும் டில்லியிலும், 1926-இல் கேக் கடை தொடங்கி நகரத்துக்கு அச்சுவையைப் பழக்கிய 'வெங்கர்ஸ்' தம்பதியர் சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர்கள். எங்கு நோக்கினும் அடுப்பை மூட்டியவர் வேற்றூரிலிருந்து வந்தவராகவே இருக்கின்றார்.

அடுப்பும் பண்டமும் வந்தால் போதுமா? அவற்றோடு கூட, அனைவரும் ஒருங்கே வீட்டில் இருக்கும் நேரமும் வேண்டும். அந்நேரத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. பம்பாய் ஆலைத் தொழிலாளர்க்கு வாரத்தில் ஒரு நாள் ஓய்வு வேண்டுமென்று நாராயண் மேகாஜி லோகண்டே பல ஆண்டுகள் போராடினார். 1890-ஆம் ஆண்டு ஜூன் பத்தாம் நாள் ஞாயிறு விடுமுறை இசையப்பெற்றது. மத்திய அரசு அலுவலகங்களில் ஐந்து நாள் வேலை வாரம் 1985-இல் வந்தது. அதன் முன்னர்ச் சனிக்கிழமை பெரும்பாலும் வேலை நாளே. 'வார இறுதி' என்று நாம் இன்று எளிதாக எழுதும் தொடர், தமிழில் மொழிபெயர்ப்பாகவே வந்தது. நம் முன்னோர்க்கு நோன்பு நாள் இருந்தது, சந்தை நாள் இருந்தது, அமாவாசை இருந்தது. வார இறுதி இருந்ததில்லை.

அந்நேரத்தின் அருமையை நன்கு அறிந்தவர்கள் ரயில்வேக் குடியிருப்பினர். பெரம்பூரிலும் பொன்மலையிலும் ஜோலார்பேட்டையிலும் போத்தனூரிலும், வடக்கே கரக்பூரிலும் ஜமால்பூரிலும் ஜான்சியிலும் ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் பெருகி வாழ்ந்தன. வண்டி ஓட்டுபவர்க்கும் காவலர்க்கும் பண்டிகை நாளென்று வேலை நிற்பதில்லை. ஆகையால் அவர்கள் பண்டிகையைப் பல நாட்களாகப் பகுத்துக்கொண்டனர். உலர்ந்த பழங்களை நறுக்கி ரம்மில் ஊறவைத்தல் சில வாரங்களுக்கு முன். குல்குல்லும் அச்சு முறுக்கும் முந்திய வாரம். கேக்கு, கடைசிச் சனிக்கிழமை. யார் எந்த நாளில் வீட்டிலிருப்பாரோ, அந்நாளின் வேலை அவருக்கு. கோலார் தங்கவயலிலும் இவ்வழக்கம் நிலவியது. அங்கே சுரங்கத்தில் இறங்கி உழைத்தவர்களில் மிகப் பலர் வட ஆர்க்காட்டிலிருந்தும் அதைச் சூழ்ந்த மாவட்டங்களிலிருந்தும் சென்ற தமிழர்கள். அதே ஊரில் ஆங்கிலோ இந்தியர் வீடுகளும் இருந்தன. 2001-ஆம் ஆண்டு அச்சுரங்கங்கள் மூடப்பட்டன. ஊர் கலைந்த பின்னரும் தங்கவயலார் எந்த நகரத்தில் குடியேறினாலும், டிசம்பரில் குல்குல் செய்வதை விடவில்லை.

குடும்ப நிகழ்ச்சிகள் இவ்வாரங்களில் குவிவதற்கும் இதுவே காரணம். விடுப்பில் உறவினர் வந்து கூடும் காலம் இது. மீண்டும் கூடுவதற்கு ஓர் ஆண்டு ஆகலாம். ஆகவே ஞானஸ்நானமும் நிச்சயதார்த்தமும், பண்டிகைக்குப் பிந்திய நாட்களில் திருமணமும் ஒன்றன்பின் ஒன்றாக வைக்கப்படுகின்றன. பலகாரமும் அதற்கேற்பப் பெருகுகிறது. கன்னியாகுமரி, திருநெல்வேலிப் பகுதிகளில் இவ்வாறான நாட்களில் செய்யப்படும் முந்திரிக்கொத்தில் முந்திரி இராது; வறுத்த பாசிப்பயற்று மாவும் வெல்லப் பாகும் தேங்காயுமே இருக்கும். பாகு ஆறுவதற்குள் உருட்டியாக வேண்டுமாதலால், தனி ஒருத்தி செய்யக்கூடிய வேலையன்று அது. அண்டை வீட்டுப் பெண்கள் கூடியே தீரவேண்டும்.

இவ்வளவு கூறிய பின், கங்கைக் கரையிலுள்ள அலகாபாத்தைக் கூறாமல் விட முடியாது. 2018-இல் அந்நகர் பிரயாக்ராஜ் எனப் பெயர் மாற்றப்பட்டது; ஆயினும் அங்கிருந்து பரவிய கேக் அலகாபாதிக் கேக் என்றே வழங்குகின்றது. அதில் வெண்ணெய்க்குப் பதில் நெய். வெளிநாட்டுச் சர்க்கரைப் பழங்களுக்குப் பதில் சாம்பற் பூசணியில் செய்த பேட்டா. ஆரஞ்சுத் தோல் மர்மலேடு, சோம்பு, சுக்கு, ஜாதிக்காய், ஜாதிபத்திரி. குடும்பத்தார் இப்பொருள்கள் அனைத்தையும் தாமே எடுத்துக்கொண்டு ரொட்டிக் கடைக்குச் சென்று, கண்ணெதிரே கலக்கச் செய்து, வெந்ததும் வாங்கி வருவது அங்குள்ள வழக்கம். சர்க்கரை பங்கீட்டு அட்டையில் அளந்து கொடுக்கப்பட்ட ஆண்டுகளில், அக்கேக்கின் பின்னால் பல மாதச் சேமிப்பு இருந்தது. தன் வீட்டுச் சர்க்கரை வேறொருவர் அச்சுக்குள் போய்விடலாகாதே என்று கடை வாசலில் காத்து நின்றவர்கள், நின்ற வேளையில் அண்டை அயலாரோடு பேசினர், பேச்சு உறவாயிற்று. வடநாட்டு நகரங்களில் குளிர் காலத்தில் வீட்டு மாவையும் நெய்யையும் கொண்டு சென்று பிஸ்கோத்து செய்து வாங்கும் வழக்கத்தை நேயர்களில் பலர் அறிந்திருப்பர். மதம் எதுவாயினும் அவ்வரிசையில் எல்லோரும் நிற்பர்.

இப்போது மீண்டும் நம் குடியிருப்புக்குத் திரும்புவோம். மேல்மாடியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து முப்பது ஆண்டுகளுக்கு மேலாக டில்லியில் வாழும் ஓர் அம்மையார் இருக்கின்றார். குடியிருப்பு முழுவதும் அவரை அக்கா என்றே அழைக்கும். கணவர் காலமாகி ஓராண்டும் நிறையவில்லை. பிள்ளைகள் இருவரும் வெளிநாட்டில். அவ்வாண்டு டிசம்பர் பிறந்தும் அவர் வீட்டில் திராட்சை ஊறவில்லை என்பதை நம் இல்லத்தார் கவனித்துக் கூறினர். கைப்பேசியில் கேட்டால் அரை மணியில் கேக் வாசலுக்கு வந்துவிடும் காலம் இது. 'இந்த வருஷம் கடையில் வாங்கிக்கொள்ளலாமே, அக்கா, எதற்கு அலைச்சல்?' என்று நாம் கேட்டோம். அவர் சற்று நேரம் பேசாமலிருந்து, 'கேக்கு கடையில் கிடைக்கும், தம்பி. கிண்டுவதற்கு ஆள் கடையில் கிடைக்குமா?' என்றார்.

நாம் அறிவுரை என்று கருதிச் சொன்னது எவ்வளவு வறுமையான பேச்சு என்பது அப்போது விளங்கியது. அடுத்த சனிக்கிழமை காலையில் குடியிருப்புச் சிறுவர் எழுவர் அவர் கூடத்தில் இருந்தனர். டில்லிக் குளிரில் கல்லாக இறுகிய வெண்ணெயை வெயிலில் வைத்து இளக்க ஒருவன். முட்டை அடிக்க ஒருத்தி. அச்சுக்கு நெய் தடவ இருவர். ஒவ்வொருவரும் ஒரு முறை கிண்ட வேண்டும் என்று அக்கா கட்டளையிட்டார். நாமும் கிண்டினோம். அதன்பின் துணியால் மூடி, அந்த ரொட்டிக் கடைக்குச் சென்றோம்.

மாலையில் அச்சுகளை வாங்கச் சென்றபோது ஒரு சங்கடம். பெயர் எழுதி ஒட்டிய சீட்டுகள் அடுப்பின் சூட்டில் கருகியிருந்தன. ஒரே அளவான மூன்று கேக்குகள். மூன்றின் நடுவிலும் ஒவ்வொரு முந்திரிப் பருப்பு. ஒன்று அக்காவுடையது; ஒன்று கோட்டயத்துச் செவிலியர் ஒருவருடையது; மற்றொன்று அலகாபாத்தில் பிறந்து டில்லியில் வாழ்க்கைப்பட்ட ஓர் ஆசிரியையுடையது. கடைக்காரர், பரேலியிலிருந்து வந்த முதியவர், தலையைச் சொறிந்தார். இறுதியில் அவரே மூன்றிலும் ஓரத்தில் சிறிது வெட்டி நீட்டினார். ஒன்றில் சர்க்கரையைக் கருக்கி ஊற்றிய மெல்லிய கசப்பு. அது மலையாள நாட்டினது என்று எல்லோரும் ஒப்பினர். ஒன்றில் பேட்டாவும் சோம்பும். மற்றொன்றில் ஏலமும் சுக்கும். 'இது என்னுடையது' என்று அக்கா எடுத்துக்கொண்டார். ஆனால் சுவைத்த பின் யாரும் அப்படியே புறப்பட்டுவிடவில்லை. மூன்று கேக்குகளும் அங்கேயே மும்மூன்று துண்டுகளாகி, மூன்று வீடுகளுக்கும் பிரிந்து சென்றன. ஞாயிறன்று செவிலியரின் குழந்தைக்கு ஞானஸ்நானம். அக்காவுக்கும் நமக்கும் அழைப்பு அக்கடை வாசலிலேயே கிடைத்தது.

நேயர்களில் பலர் நம்மைப் போன்றே மொழி வேறுபட்ட ஊர்களில் வாழ்பவர்கள். ஊர்ப் பண்டம் ஊர்ப் பொருள் கொண்டு செய்தாலன்றி அது நம்முடையதாகாது என்று வருந்துவோர் உண்டு. இந்நாட்டில் டிசம்பர் அடுப்பின் வரலாறு அவ்வருத்தத்துக்கு இடம் கொடுப்பதாயில்லை. பிராந்தி இல்லாத இடத்தில் முந்திரிப் பழச் சாராயமும், வெண்ணெய் இல்லாத இடத்தில் நெய்யும், சர்க்கரைப் பழம் இல்லாத இடத்தில் பூசணியும், புளிப்பு நுரை இல்லாத இடத்தில் கள்ளும் அப்பண்டத்தைக் கெடுத்ததில்லை. பொருள் மாறலாம், அடுப்பு மாறலாம். வீட்டுக்கு வீடு மின் அடுப்பு வந்துவிட்ட இந்நாளில் பொது அடுப்பு ஒவ்வொன்றாக அணைந்து வருகின்றது. அதனைத் தடுத்தல் நம்மால் ஆகாது. கூடிக் கிண்டும் கைகள் குறைந்தால்தான் வழக்கம் அழியும்.

அக்கா இவ்வாண்டும் திராட்சையை ஊறவைத்துவிட்டார். சிறுவர் எழுவர் இப்போது பதினொருவர் ஆகியுள்ளனர். அச்சுகளின் பெயர்ச் சீட்டை இம்முறை நம் வீட்டார் ஒட்ட வேண்டும் என்பது ஏற்பாடு. கருகாத சீட்டு எது என்று நாம் இதுவரை விசாரிக்கவில்லை. விசாரிக்கும் எண்ணமும் இல்லை.